இலையில் எவ்வளவு, கோப்பையில் எவ்வளவு

டோபாஸ் ரோட்டுக்காரர்கள் மழை பெய்யாத நாளைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள். தேயிலை வாங்கும் மெல்போர்ன் கம்பெனியிலிருந்து போன் வந்த அந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமை அப்படி ஒரு நாள். மூன்று வாரம் விடாமல் கொட்டிய வானம் விடியும்போது சட்டென்று வாயை மூடிக்கொண்டது. இந்த இடைவெளியை விட்டால் கொழுந்து முற்றிப்போகும் என்று ரென்ஸோ பவான் ஆறு மணிக்கே மெஷினை வெளியே எடுத்துவிட்டான்.

கொழுந்து வெட்டும் மெஷினை ஓர் ஆள் தூக்கிவிட முடியாது. தேயிலை வரிசைக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரே அடியாக நடக்க வேண்டும். வெட்டிய கொழுந்து காற்றில் அடித்துக்கொண்டு போய்ப் பின்னால் இழுபடும் நீளத் துணிப்பையில் விழும். இந்தப் பக்கம் ரென்ஸோ என்றால் அந்தப் பக்கம் அவன் தம்பி டீனோ. டீனோவின் பால் பண்ணை வேலிக்கு அப்பால் இருக்கிறது. எண்பது மாட்டுக்கும் பால் கறந்துவிட்டு, ரப்பர் பூட்ஸைக்கூட மாற்றாமல் வேலி தாண்டி வந்துவிடுவான். தேயிலை வைத்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். நடக்கும்போது இரண்டு பேருக்கும் வாய் ஓயாது.

"டேய், உன் பக்கம் எறங்குது. குச்சியெல்லாம் சேர்த்து வெட்டுற."

"நான் எறக்கல, நீதான் தூக்குற. பழகிப்போன கழுதைக்குக்கூட ஒரு நிதானம் இருக்கும்."

"கழுதைய நீ எங்க பார்த்த?"

"இருபத்தஞ்சு வருஷமா எதிர்ல பார்த்துக்கிட்டுத்தானே நடக்கிறேன்."

ரென்ஸோவின் மனைவி டெல்மா அடுக்களையில் பூசணிக்காய் ஸ்கோன் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோதுதான் போன் அடித்தது. மெல்போர்ன் பெண்ணின் குரலில் மரியாதை தாராளமாக இருந்தது. இந்தப் பருவத்துத் தேயிலை முழுவதையும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தார்களாம். புதிதாக வாங்கும் இடத்தில் சோதனை போடுவது கம்பெனி வழக்கமாம். சோதனையில் ஈயம் வந்திருக்கிறதாம்.

"எவ்வளவு?" என்றாள் டெல்மா.

"கிலோவுக்கு ஆறு மில்லிகிராம். எங்க வரம்பு ரெண்டு. மன்னிச்சுக்கங்க."

டெல்மா மாவுப் பையின் மேல் ஆறு என்று எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள். ஈயம் அவளுக்குப் புதிய பெயர் இல்லை. பிறந்தது மவுண்ட் ஐசா, சுரங்க ஊர். கல்யாணத்துக்கு முன் பதினான்கு வருடம் அங்கே தாதுக்கல்லை அரைத்து, அமிலத்தில் கரைத்து, இதில் இவ்வளவு செம்பு, இவ்வளவு ஈயம் என்று எழுதிக் கொடுத்தவள். அங்கே ஈயம் கூடினால் எல்லோருக்கும் சந்தோஷம்.

பத்து மணித் தேநீருக்கு ரென்ஸோ மட்டும் உள்ளே வந்தான். கன்று ஈனும் மாடு ஒன்று இருந்ததால் டீனோ வேலி தாண்டிப் போயிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் ரென்ஸோ ஸ்கோனைத் தட்டிலேயே வைத்தான்.

"நம்ம இலையிலயா? நாம மருந்தே அடிக்கிறதில்லையே."

"ஆமா."

"பின்ன எங்கேருந்து வரும் ஈயம்? நீதானே இதைப் படிச்சவ."

டெல்மா யோசிக்காமல்தான் சொன்னாள். "மண்ணுல இருக்கலாம். ரோட்டுப் புகையில. பழைய பெயின்ட்டுல. அந்தக் காலத்துப் பெயின்ட்டுல ஈயம்தானே பாதி."

சொன்ன பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஜன்னல் வழியாக வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். போன ஆகஸ்டில் டீனோ அப்பா காலத்து வெண்ணெய்க் கொட்டகையைப் பிரித்து, பலகைகளை வேலியோரம் போட்டு எரித்தான். இரண்டு நாள் வெள்ளைப் புகை தேயிலை மேல் படுத்துக் கிடந்தது.

"ரென்ஸோ, அது ஏழு மாசத்துக்கு முன்னாடி. அப்புறம் பெஞ்ச மழையில எல்லாம் கழுவிப் போயிருக்கும். இப்ப இருக்கிறது புதுக் கொழுந்து."

"மண்ணுல எறங்கியிருக்கும்ல?"

"அது எவ்வளவுன்னு பார்க்காம..."

அவன் எழுந்து போய்விட்டான். டெல்மா படிக்கட்டில் நின்று பார்த்தாள். வேலியருகே கன்றின் ஈரத்தோடு நிற்கும் தம்பியிடம் அண்ணன் கையை நீட்டி நீட்டிப் பேசுவது தெரிந்தது. காற்று இந்தப் பக்கமாக அடித்ததால் பேச்சும் கேட்டது.

"அப்பவே சொன்னேன், குழி தோண்டிப் புதைடான்னு. கேட்டியா?"

"அத்தனை பலகை, எங்க புதைக்கிறது?"

"இப்ப என் தேயிலை பூரா விஷம். திருப்தியா?"

டீனோ பதிலுக்கு ஏதாவது கிண்டல் பண்ணுவான் என்று டெல்மா காத்திருந்தாள். அவனோ கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கன்றிடம் திரும்பிப் போனான். மறுநாள் மெஷின் பிடிக்க வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

டீனோவின் இடத்தில் டெல்மா நின்றாள். ஐம்பத்தெட்டு வயதில் அந்த வேலையைத் தொடங்கக் கூடாது. முதல் வரிசை முடிவதற்குள் மணிக்கட்டு மரத்துப்போனது. மழைத் தொப்பியிலிருந்து ஒழுகும் தண்ணீர் கழுத்து வழியாக இறங்கியது. சிவப்பு மண் பூட்ஸில் ஒட்டி ஒட்டி ஒவ்வொரு காலும் ஒரு பூசணிக்காய் கனம் கனத்தது. கணுக்காலில் அட்டை ஏறுவது தெரிந்தும் குனிய முடியவில்லை. குனிந்தால் மெஷின் சாயும். ரென்ஸோ அவளைத் திட்டவில்லை. ரொம்ப மரியாதையாக, "கொஞ்சம் தூக்கும்மா," என்றான். அந்த மரியாதைதான் தாங்கமுடியாமல் இருந்தது. வெட்டியதை விற்கவும் வழியில்லை. வெட்டாவிட்டால் செடி கெட்டுவிடும் என்பதற்காக வெட்டினார்கள்.

நான்காம் நாள் ராச்சாப்பாட்டில் அவன் சொன்னான். "மண்ணுதான்னா செடிய பிடுங்கிடலாம். அவகாடோ வெச்சுக்கலாம்."

"வேலி தாண்டிப் போய்க் கத்தறதுக்கு முன்னாடி ஒரு சோதனை போட்டிருக்கலாம். செடியப் பிடுங்கறதுக்கு முன்னாடியாவது போடுவோமே," என்றாள் டெல்மா.

அவன் மாட்டிறைச்சியை வெட்டிக்கொண்டே தலையாட்டினான்.

மறுநாள் மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு இறங்கினாள். உலோகம் எதுவும் படக்கூடாது. பிளாஸ்டிக் கரண்டி, புது பிளாஸ்டிக் பைகள். வேலியோரத்து மண் ஒரு பை, நடுத் தோட்டத்து மண் ஒரு பை. செடியிலிருந்து கையால் கிள்ளிய கொழுந்து ஒரு பை. அதே கொழுந்தை நல்ல தண்ணீரில் அலசியது ஒரு பை. பிறகு தொழிற்சாலைக்குப் போனாள். தொழிற்சாலை என்பது பழைய மாட்டுக் கொட்டில்தான். கொழுந்தைப் பரப்பிக் காற்றில் வாட்டும் நீளத் தொட்டி, வாடிய இலையை முறுக்கி நசுக்கும் ரோலர், சூடான டிரையர். ஒவ்வொரு இடத்தைத் தாண்டிய இலையிலும் ஒரு பை எடுத்தாள். எல்லாவற்றையும் அடுப்பில் இளஞ்சூட்டில் உலர்த்திப் பெயர் எழுதினாள். பதினான்கு வருடம் பண்ணின வேலை. கை எதையும் மறந்திருக்கவில்லை.

அடுத்த வாரச் சனிக்கிழமை கில்லீஸ் மலைப்பாதையின் வளைவெல்லாம் சுற்றிக் கெய்ர்ன்ஸ் நகரத்தில் இறங்கினாள். அங்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் ரொவீனா இருக்கிறாள். ஐசாவில் டெல்மாவுக்குக் கீழே சேர்ந்து, சோதனைக் குழாய் கழுவக் கற்றுக்கொண்டவள். இப்போது கதவுக்குச் சாவி அவளிடம்தான்.

"வா வா, தேயிலைச் சீமாட்டி. கையப் பாரு, கொப்புளம். எங்கிட்ட இருந்தப்ப கையுறை போட்டு ராணி மாதிரி இருந்த."

"உங்கிட்டயா? நீதான்டி எங்கிட்ட இருந்த."

"சரி சரி, கோட்டைப் போடு. சனிக்கிழமை எனக்கு உதவிக்கு ஆள் கிடையாது."

டெல்மா ஒவ்வொரு பையிலிருந்தும் துளி எடுத்து எடை போட்டு, கெட்டி மூடிக் குப்பியில் நைட்ரிக் அமிலம் ஊற்றினாள். சூடேறியதும் குப்பிக்குள் ஆரஞ்சுப் புகை கிளம்பியது. அந்த நெடி மூக்கில் ஏறியவுடன் அவளுக்கு முப்பது வயது குறைந்த மாதிரி இருந்தது. இலை முழுக்கக் கரைந்து தெளிந்த தண்ணீரானது. அதைச் சோதனை மெஷின் உறிஞ்சிச் சுடருக்குள் பீய்ச்சியது. இன்னொரு பக்கம் ரொவீனா கெட்டிலில் தண்ணீர் கொதிக்கவைத்து, விற்கிற தேயிலையில் ஒரு கோப்பை போட்டு ஐந்து நிமிடம் ஊறவிட்டாள்.

"பாலு, சக்கரை?"

"சோதனைக்குத்தானே?"

"பழக்கதோஷம், கேட்டுட்டேன். இதையும் பார்த்துருவோம். ஜனங்க இலையை மெல்லறதில்ல, தண்ணியத்தானே குடிக்கிறாங்க. மெல்போர்ன்காரன் ஈயம் மட்டும் கேட்டான், ஈயம் மட்டும் பார்த்தாங்க. நான் இருக்கிறது எல்லாத்தையும் பார்த்துருவேன்."

மூன்று மணிக்குத் திரையில் எண்கள் வரத் தொடங்கின. ரொவீனா படித்தாள், டெல்மா எழுதினாள்.

"மாங்கனீஸ் எண்ணூறு, அலுமினியம் எழுநூறு. என்னடி இது, டீயா, சட்டி பானையா?"

"தேயிலை அப்படித்தான். சிவப்பு மண்ணுல இருக்கிறத எல்லாம் இழுத்துக்கும். மத்த செடி செத்துரும், இது சந்தோஷமா வளரும். ஈயத்தச் சொல்லு."

"மண்ணு சாதாரணம். வேலியோரம், நடுத்தோட்டம், ரெண்டும் ஒண்ணுதான். கொழுந்து, புள்ளி மூணு. அலசினது, புள்ளி ரெண்டு. வாட்டினது, புள்ளி மூணு."

டெல்மா பேனாவை நிறுத்தினாள். "செடி சுத்தம்."

"குழந்தை மாதிரி சுத்தம். ரோலர்லேருந்து வந்தது..." ரொவீனா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள். "அஞ்சு புள்ளி எட்டு. டிரையர்லேருந்து வந்தது ஆறு. இரு, இதப் பாரு. செம்பு பதினேழுலேருந்து நூத்துமுப்பதுக்குப் போகுது. துத்தநாகம் முப்பதுலேருந்து நூறு."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் என்ன என்று அந்த அறையில் யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"பித்தளை," என்றாள் டெல்மா. "ரென்ஸோ கடைஞ்ச பித்தளை."

ரோலர் மேசையின் மேல் பிறை பிறையாகப் பன்னிரண்டு பித்தளைப் பட்டைகள் விலா எலும்புபோல் பதித்திருக்கும்; விலா என்றுதான் சொல்வார்கள். இலையை முறுக்குவது அவைதான். நியூ கினியில் மூடிப்போன தொழிற்சாலை ஒன்றிலிருந்து ரோலரை வாங்கி வந்தபோது அவற்றில் எட்டு தேய்ந்து போயிருந்தன. இரண்டு குளிர்காலத்துக்கு முன் ரென்ஸோ பழைய இரும்புக் கடையில் பித்தளைக் கட்டி வாங்கிவந்து, தன் கடைசல் பட்டறையில் ஒவ்வொன்றாகச் செதுக்கி மாட்டினான். என்ன இழுத்தாலும் வழுக்கிக்கொண்டு வருகிறதே என்று உளியைப் பாராட்டினான். டெல்மா பக்கத்தில் நின்று தங்கச் சுருளாக விழும் சீவலைப் பார்த்து ரசித்தாள். கடைசலுக்கென்றே செய்த பித்தளை அப்படி வழுக்குவது அதில் ஈயம் கலந்திருப்பதால்தான். பதினான்கு வருடம் ஈயத்தோடு இருந்தவளுக்கு அன்றைக்கு அது தோன்றவே இல்லை.

"கோப்பையில?" என்று கேட்டாள்.

"குடிதண்ணி வரம்புல பாதிகூட வரல. இலையில இருக்கிறதுல பத்துல ஒரு பங்குகூட இறங்கல. யாரும் சாகல, டெல்மா."

"இருந்தாலும் இருக்கக் கூடாதுதானே."

"இருக்கக் கூடாதுதான்."

வீடு வந்தபோது வெளிச்சம் இருந்தது. ரென்ஸோ ரோலருக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். அவள் தாளை அவன் முன்னால் வைக்கவில்லை. ரோலர் மேசைக்குப் பக்கத்தில் வந்து, ஒரு பழைய விலாவையும் அவன் கடைந்த விலாவையும் விரலால் தடவினாள்.

"இதுல எவ்வளவு தேஞ்சிருக்கு, தடவிப் பாரு," என்றாள்.

அவன் தடவினான். பழையது அப்படியே இருந்தது. அவனுடையதில் விளிம்பே இல்லை, மழுங்கியிருந்தது.

"ரெண்டு வருஷத்துல இவ்வளவா?"

"முக்கால் கிலோவாவது போயிருக்கும். எங்க போச்சுன்னு நினைக்கிற?"

அவன் கை அந்த மழுங்கிய விளிம்பில் போய்ப் போய் வந்தது.

"செடியில இல்ல, மண்ணுல இல்ல, புகையில இல்ல. கடைசல் பித்தளையில ஈயம் போடுவாங்க, ரென்ஸோ. எனக்குத் தெரியும். அன்னிக்குப் பக்கத்துல நின்னு, எவ்வளவு அழகா வருதுன்னு சொன்னது நான்தான்."

"நான் அதை வெள்ளிக்கிழமைதோறும் பாலிஷ் போட்டேன்," என்றான் ரென்ஸோ. அவன் குரல் எங்கேயோ இருந்து வந்தது. பிறகு ஸ்பானரை எடுத்துவந்து எட்டு விலாக்களையும் கழற்றினான். பழைய நான்கையும் விடவில்லை. பன்னிரண்டையும் ஒரு வாளியில் போட்டு, வாளியைப் பார்த்தபடி கவிழ்த்த பால் கூடை மேல் உட்கார்ந்தான்.

"டீனோகிட்ட என்ன சொல்றது?" என்று கேட்டான்.

"உள்ளதைச் சொல்லு."

"நீயும் வா."

மறுநாள் மாலைக் கறவை நேரத்துக்குப் போனார்கள். கொட்டிலில் பால் மணமும் சாணி மணமும் ரேடியோவில் யாரோ பாடுவதுமாக இருந்தது. டீனோ அவர்களைப் பார்த்துவிட்டு மாட்டின் மடியைக் கழுவுவதை நிறுத்தவில்லை. ரென்ஸோ ஆணியில் தொங்கிய ரப்பர் அங்கியை எடுத்து மாட்டிக்கொண்டு எதிர் வரிசையில் இறங்கினான். ஒரு மாட்டுக்குக் கறவைக் குழாய் மாட்டினான், அடுத்ததற்கு மாட்டினான். ஐந்தாவது மாட்டில்தான் வாய் திறந்தது.

"பெயின்ட் இல்லடா."

"ம்."

"ரோலர்ல என் பித்தளை. நானே கடைஞ்சு மாட்டினது."

டீனோ நிமிர்ந்தான். அவன் சிரிக்கப்போகிறான் என்றுதான் டெல்மா நினைத்தாள். சிரிக்கவும் தொடங்கினான். ஆனால் பாதியில் நின்றது. பக்கத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"பலகைய எரிச்ச ரெண்டு நாளும் என் பேத்திங்க ரெண்டு பேரும் தீ பக்கத்துலதான் நின்னாங்க. மார்ஷ்மெல்லோ சுட்டுத் தின்னாங்க. நீ வந்து ஈயம், விஷம்னு கத்திட்டுப் போயிட்ட. இந்த ரெண்டு வாரமா நான் தூங்கல ரென்ஸோ. அவங்கம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தேயிலைய விடு. அந்தப் புகைய மூச்சுல இழுத்தது அந்தக் குழந்தைங்கதானே?"

ரேடியோ பாடிக்கொண்டே இருந்தது. டெல்மா போய் அதை அணைத்தாள். மாவுப் பை மேல் வட்டம் போட்ட கையோடு அவள் போகிறபோக்கில் சொன்ன ஒரு வார்த்தை வேலி தாண்டி இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

ரென்ஸோ குழாயைத் தொங்கவிட்டுவிட்டுத் தம்பி அருகில் போனான். "தப்பு என்னோடதுடா," என்றான். "பித்தளையும் என் தப்பு, கத்தினதும் என் தப்பு."

"பலகை ஏதாவது மிச்சம் இருக்கா டீனோ?" என்று கேட்டாள் டெல்மா.

ஒன்று இருந்தது. பெஞ்சுபோல் நான்கு கால் அடித்து அதன் மேல் தீவன மூட்டை வைத்திருந்தான். மூட்டையை இறக்கி அதை அவளிடம் கொடுத்தபோது, கனமில்லாத அந்தப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக் கொடுத்தான்.

அடுத்த சனிக்கிழமைவரை காத்திருக்க முடியாது என்று டெல்மா திங்கட்கிழமையே கெய்ர்ன்ஸுக்கு வண்டியை விட்டாள். வெள்ளை மேல்பூச்சைச் சுரண்டி ரொவீனா அன்றே பார்த்துச் சொன்னாள். அங்கிருந்தே டெல்மா டீனோவுக்குப் போன் பண்ணினாள்.

"ஈயம் இல்ல."

"கொஞ்சம்கூடவா?"

"இருக்குன்னு சொல்ற அளவுக்கு இல்ல. வெறும் சுண்ணாம்பு, டீனோ. உங்கப்பா பெயின்ட்டே வாங்கல. ஆயுசுக்கும் சுண்ணாம்புதான் அடிச்சிருக்காரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"பெயின்ட் வாங்கினதாச் சொல்லி எங்கிட்ட காசு பிடிச்சாரே, கருமி," என்றான் டீனோ.

விற்றுப்போன தேயிலைதான் மிச்சமிருந்த கவலை. அந்தப் பித்தளையில் முறுக்கியது பக்கத்து ஊரான யங்கபரா சந்தையில் இரண்டு வருடமாகப் போய்க்கொண்டிருந்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ரென்ஸோகூட ஒருமுறை சொல்லிப் பார்த்தான். டெல்மா அட்டையில் பெரிய எழுத்தில் எழுதினாள்: எங்கள் தேயிலையில் ஈயம் இருந்தது. இலையில் இவ்வளவு, கோப்பையில் இவ்வளவு. காரணம் எங்கள் ரோலர். பாக்கெட்டைக் கொண்டுவந்து கொடுங்கள். சுத்தமான தேயிலை வந்ததும் மாற்றித் தருகிறோம்.

சந்தையில் அந்த அட்டைக்குப் பின்னால் நிற்பது மெஷினைப் பிடித்துக்கொண்டு நடப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. சிலர் படித்துவிட்டு முகம் சுளித்துப் போனார்கள். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற ஹெக்டர் கண்ணாடியில்லாமல் மூன்று தடவை படித்தார்.

"எனக்கு வயசு எண்பத்தொண்ணு. ஈயம் என்னை எட்டிப் பிடிக்கணும்னா ஓடித்தான் வரணும். இருக்கிற பழசையே எனக்குக் கொடு."

"கொடுக்க மாட்டேன் ஹெக்டர்."

"பிடிவாதக்காரி."

கைக்குழந்தையோடு வந்த ஓர் இளம்பெண் மட்டும் நகரவே இல்லை. குழந்தை வயிற்றில் இருந்தபோது தினமும் இரண்டு கோப்பை குடித்தேன் என்றாள். அவளிடம் டெல்மா ஒன்றும் இல்லை போ என்று சொல்லவில்லை. பெஞ்சில் உட்காரவைத்து, கோப்பையில் எவ்வளவு, குழாய்த் தண்ணீரில் எவ்வளவு அனுமதி என்று எண்ணைக் காட்டினாள். மனசு ஆறவில்லை என்றால் டாக்டரிடம் இந்தத் தாளைக் கொடு என்று ரொவீனாவின் தாளைப் பிரதியெடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் இரண்டு வாரம் கழித்து வந்து, இரத்தத்தில் ஒன்றும் இல்லையாம் என்று சொல்லிவிட்டு, குழந்தையை டெல்மாவிடம் கொடுத்துவிட்டுக் காய்கறி வாங்கப் போனாள்.

திரும்பி வந்த பாக்கெட்டுகளும் கொட்டிலில் இருந்த மூட்டைகளும் நகராட்சிக் குப்பைக் கிடங்குக்குப் போயின. ரோலருக்குத் துருப்பிடிக்காத எஃகில் பன்னிரண்டு விலா வந்தது. இந்தத் தடவை ரென்ஸோ கடையவில்லை. என்ன எஃகு என்று தாள் கொடுக்கும் பட்டறையில் செய்து வாங்கினான். அந்தத் தாளை டெல்மாவிடம் கொடுத்துவிட்டு, அவள் படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றான்.

மே மாதம் குளிர் விழத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை ரொவீனா போன் பண்ணினாள். புதுத் தேயிலையில் ஈயம் புள்ளி மூன்று. செடியில் இருப்பது மட்டும்தான் இலையில் இருக்கிறது. மெல்போர்ன் பெண்ணிடமும் சொல்லியாகிவிட்டது. இன்னொரு மாதிரி அனுப்பச் சொல்லியிருக்கிறாள்.

டெல்மா அந்தத் தேயிலையைப் பெரிய கெட்டிலில் போட்டுத் தோட்டத்துக்கே எடுத்துப் போனாள். அண்ணனும் தம்பியும் வரிசை முடிவில் மெஷினை இறக்கி வைத்துவிட்டு, குச்சியை யார் வெட்டியது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். டீனோ கோப்பையை வாங்கி மூக்கருகே கொண்டுபோனான். ஒரு வாய் குடித்தான். வாயில் வைத்துக் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தான். ரென்ஸோ தன் கோப்பையைத் தொடாமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு," என்றான் டீனோ. "ஆனா ஈயம் இருந்தப்ப ஒரு ருசி இருந்துச்சு பாரு, அது இல்ல."

ரென்ஸோ அவனை அடிக்கக் கையை ஓங்கினான். சிரிப்பு முந்திக்கொண்டதால் கை எங்கே போவதென்று தெரியாமல் டீனோவின் தோளில் விழுந்து அங்கேயே கிடந்தது. டீனோ காலியான கோப்பையை டெல்மாவிடம் நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து டெல்மா. பழகிக்கிறேன்."